மேய்ச்சல் நாட்டுப் பெண் குழந்தைகளும் தலைவர்களின் யோக்கியதையும்

(ஒரு பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் உங்களில் பலருக்குப் புதிதாகத் தோன்றக்கூடும். ஆப்பிரிக்காக் கண்டத்தில், கென்யா தேசத்தின் வடபாகத்தில், மாடும் ஆடும் ஒட்டகமும் மேய்த்துப் பிழைக்கும் ஜனங்கள் இருக்கிறார்கள். அவர்களிடையே பத்து வயதுக்கு மேல் இருபது வயதுக்குள் இருக்கும் பெண் குழந்தைகளுக்கு, மாதவிடாய், கர்ப்பம், பிரசவம், கர்ப்பத்தடை முதலிய காரியங்களில் கிடைக்கும் வைத்திய உதவி எப்படியிருக்கிறது, ஏன் அப்படியிருக்கிறது, அதற்கு யார் ஜவாப்தாரி என்பதுதான் விஷயம்.

"எங்கோ உள்ள ஊர்க்கதை நமக்கு எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். தோழர்களே! நம் வீட்டு விஷயமென்றால் நமக்குக் கோபம் வருகிறது, வெட்கம் வருகிறது, ஜாதி வருகிறது, மதம் வருகிறது. பிறர் வீட்டு விஷயமென்றால் அறிவு ஒன்றே வேலை செய்கிறது. ஆகையால் தூரத்து விஷயத்தில் நம் அறிவைப் பழக்கிக்கொண்டு பிறகு வீட்டுக்குத் திரும்புவது நல்லது. அன்றியும், அந்த ஜனங்களைப் பார்த்து நகைக்க நமக்கு யோக்கியதை கிடையாது. நம் தேசத்தில் 1929-ம் வருஷத்தில் சாரதா சட்டம் வந்த பிறகும் எத்தனை சிறு குழந்தைகள் மணவறையில் உட்கார வைக்கப்பட்டார்கள் என்பது நம் பாட்டிமார்கள் காலத்துச் சங்கதிதான்.

நாம் சொல்லுவதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். கேளுங்கள், யோசியுங்கள், அறிவுக்கு ஒத்ததை வைத்துக்கொள்ளுங்கள், மற்றதை இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள்.

சம்புரு நாடு

கென்யாவில் நம் மாவட்டங்களைப்போல் 47 கௌண்டிகள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்று சம்புரு. அதன் விஸ்தீரணம் சுமார் 21 ஆயிரம் சதுர கிலோமீட்டர். 2019-ம் வருஷத்து ஜனக்கணக்கின்படி அங்குள்ளவர்கள் சுமார் 3 லட்சத்துப் பத்தாயிரம் பேர்தான். அதாவது ஒரு சதுர கிலோமீட்டருக்குப் பதினைந்து பேர். மழை எங்கே பெய்கிறதோ அங்கே புல். புல் எங்கேயோ அங்கே மாடு. மாடு எங்கேயோ அங்கே மனிதன். இவர்களுக்கு வைத்தியசாலை மட்டும் ஓரிடத்தில் நின்றுகொண்டிருக்கிறது.

2022-ம் வருஷத்தில் கென்யா தேசத்தார் ஒரு பெரிய சுகாதாரக் கணக்கெடுப்பு நடத்தினார்கள். அதில் 15 வயது முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் எத்தனை பேர் ஒரு தடவையேனும் கர்ப்பமடைந்தவர்கள் என்று கணக்கிட்டார்கள். தேசம் முழுவதற்கும் சேர்த்து நூற்றுக்கு 15 பேர். நியேரி என்னும் கௌண்டியில் நூற்றுக்கு 5 பேர். சம்புருவிலோ நூற்றுக்கு 50 பேர்! ஒரே தேசம், ஒரே சட்டம், ஒரே கொடி. ஒரு மூலையில் இருபதில் ஒரு பெண். மற்றொரு மூலையில் இரண்டில் ஒரு பெண். சம்புருவுக்கு அடுத்தபடி நிற்கும் மேற்குப் பொக்கொட்டில் நூற்றுக்கு 36, மார்சாபிட்டில் 29, நாரோக்கில் 28. இவையெல்லாம் மேய்ப்பர்கள் மிகுந்த நாடுகள் என்பதைக் கவனியுங்கள்.

"இது அவர்கள் தலையெழுத்து" என்பார்கள் சிலர். அப்படியானால் ஒன்று கேட்கிறோம். நாரோக்கில் 2014-ம் வருஷத்துக் கணக்கில் நூற்றுக்கு 40 ஆக இருந்தது, எட்டு வருஷத்தில் 28 ஆகக் குறைந்ததே. தலையெழுத்தை அழித்து எழுதியவர் யார்? குறையக்கூடியது எதுவும் விதியல்ல. மனிதன் செய்வதை மனிதன் மாற்றலாம்.

பாசியும் கத்தியும்

சம்புரு சமூகம் வயதுக் கணக்கில் கட்டப்பட்ட சமூகம். வாலிபர்களுக்கு மொரான் என்று பெயர். அவர்கள் மந்தையைக் காக்கும் வீரர்கள். பல வருஷங்களுக்கு அவர்கள் கல்யாணம் செய்துகொள்ளக்கூடாது. பெண்களை மணப்பவர்கள் மூப்பர்கள். அதுவும் ஒருவருக்குப் பல மனைவிகள். பால் ஸ்பென்சர் என்ற ஆராய்ச்சியாளர் 1965-ம் வருஷத்தில் இச்சமூகத்தைப் பற்றி வெளியிட்ட புத்தகத்துக்கு, கிழவர்களின் ஆட்சி என்று பொருள்படவே பெயர் வைத்தார்.

கல்யாணமில்லாத வாலிபருக்குச் சமாதானமாக ஒரு வழக்கம் ஏற்பட்டது. மொரான் ஒருவன் தன் குலத்திலேயே ஒரு சிறு பெண்ணுக்குச் சிவப்புப் பாசிமணி வாங்கிப் போடுவான். மணி ஏறிவிட்டால் அவளோடு அவன் கூடி வாழலாம். ஆனால் ஒரே குலமாகையால் அவளை மணக்கக்கூடாது. அவள் பிள்ளை பெறவும் கூடாது. அப்படிக் கர்ப்பமானால் அவமானம். கர்ப்பத்தை எப்பாடுபட்டாவது அழிக்க வேண்டும், அல்லது பிறந்த சிசுவைத் துறக்க வேண்டும். மணி போட்டவனுக்குத் தண்டனையில்லை. மணியைச் சுமந்தவளுக்குத்தான் எல்லாம். பின்னர் ஒரு மூப்பருக்கு அவளைக் கட்டிக்கொடுக்கும்போது, அவள் பிறப்புறுப்பை அறுக்கும் சடங்கு நடக்கும். அதன் பிறகுதான் அவள் "பெரிய மனுஷி."

இதிலுள்ள கெடுதியை வைத்தியர்கள் அளந்து சொல்லியிருக்கிறார்கள். உலக சுகாதார ஸ்தாபனம் கென்யா உள்ளிட்ட ஆறு ஆப்பிரிக்க தேசங்களில் 28 ஆயிரத்துக்கு மேற்பட்ட பிரசவங்களை ஆராய்ந்து 2006-ல் வெளியிட்டது. அறுக்கப்பட்ட பெண்களுக்குப் பிரசவத்தில் அதிக ரத்தப்போக்கும், வயிற்றைக் கீறிப் பிள்ளையெடுக்க வேண்டிய அவசியமும், சிசு மரணமும் அதிகமென்று கண்டார்கள். இத்துடன் இளவயதும் சேர்ந்தால் கேட்க வேண்டுமா? இடுப்பெலும்பு வளர்ந்து முடியாத பெண்ணுக்குப் பிள்ளை வழியில் சிக்கிக்கொள்கிறது. ஆஸ்பத்திரி எட்டாத தூரத்தில் இரண்டு நாள் மூன்று நாள் நோவெடுத்தால், சதை அழுகித் துளை விழுந்து, அவள் ஆயுள் முழுவதும் சிறுநீர் தானே ஒழுகும் நிலை வருகிறது. பிறகு "துர்நாற்றக்காரி" என்று புருஷன் தள்ளிவிடுகிறான்.

மாடு வளர்ப்பவர் எவரும் அறிவார், இளங்கிடாரி கன்று ஈனும்போது என்ன பாடுபடும் என்று. மாட்டின் விஷயத்தில் இவ்வளவு அறிவு படைத்த மனிதன், தன் மகள் விஷயத்தில் மாத்திரம் ஏன் அந்த அறிவைக் கழற்றி வைத்துவிடுகிறான்? மாட்டுக்குச் சாஸ்திரமில்லை, மகளுக்குச் சாஸ்திரமிருக்கிறது. அதுதான் காரணம்.

இதில் வயிற்றுப்பாடும் கலந்திருக்கிறது. 2020-ம் வருஷக் கடைசி முதல் அந்த வடநாட்டில் ஐந்து மழைக்காலங்கள் அடுத்தடுத்துப் பொய்த்தன. கென்யாவில் 25 லட்சம் கால்நடைகளுக்கு மேல் மாண்டன. மாடு செத்த வீட்டில், பெண்ணைக் கொடுத்தால் பரிசமாக மாடு வருமல்லவா? வறட்சி வந்தால் பெண்ணின் வயது குறைகிறது.

சட்டம் இல்லையா?

சட்டம் தாராளமாக இருக்கிறது. 2010-ம் வருஷத்துக் கென்யா அரசியல் சட்டத்தின் 43-வது பிரிவு, கர்ப்பம் பிரசவம் சம்பந்தப்பட்ட வைத்தியமும் சேர்ந்த உயர்ந்த சுகாதாரம் ஒவ்வொருவருக்கும் உரிமை என்கிறது. 2011-ல் அறுக்கும் சடங்கைத் தடுக்கும் சட்டம் வந்தது. 2014-ல் கல்யாண வயது 18 என்று விதிக்கப்பட்டது. பிள்ளை பெற்ற பெண் திரும்பப் பள்ளிக்கூடம் போகலாம் என்ற விதி 1994 முதலே இருக்கிறது.

சட்டத்தை ஏமாற்ற வழி தேடினார்கள். கென்யாவின் வேறு சில பாகங்களில் நர்சுகளைக் கொண்டே அறுக்கச் செய்தார்கள். கத்தியைக் கொதிக்க வைத்துவிட்டால் மூடத்தனம் வைத்தியமாகிவிடுமா? சுத்தமான கத்தியால் செய்தாலும் அக்கிரமம் அக்கிரமமே. அச்சட்டத்தையே செல்லாதென்று சொல்லும்படி 2017-ல் ஒரு வழக்குத் தொடரப்பட்டது. 2021-ல் ஹைக்கோர்ட்டு அதைத் தள்ளிவிட்டது.

பலனில்லாமலும் போகவில்லை. அறுக்கப்பட்ட பெண்கள் 1998-ல் தேசம் முழுவதிலும் நூற்றுக்கு 38 ஆக இருந்தவர்கள், 2022-ல் 15 ஆனார்கள். ஆனால் வடக்கே சம்புருவிலும், வடகிழக்கு மேய்ச்சல் நாடுகளிலும் இன்னும் பெரும்பாலோர் அறுக்கப்பட்டவர்களே. காகிதம் தலைநகரிலிருந்து புறப்பட்டுவிட்டது. பட்டிக்குப் போய்ச் சேரவில்லை. இடையில் இருப்பவர் யார்? தலைவர்கள்!

தலைவர்கள் என்போர் யார்?

ஒரு சம்புருப் பெண்ணுக்கு மேலே எத்தனை தலைவர்கள் என்று எண்ணிப் பாருங்கள். வீட்டில் தகப்பன். பட்டியில் மூப்பர்கள். சர்க்கார் தரப்பில் சீப் என்னும் அதிகாரி. 2013 முதல் சுகாதார இலாகா கௌண்டிகளின் வசம் ஒப்படைக்கப்பட்டதால், பணத்தைப் பங்கிடும் கௌண்டிச் சபையார். கடைசியாக, வைத்தியசாலையில் சாவி வைத்திருக்கும் நர்சு. இத்தனை பேரில் எவராவது, "அம்மா, உனக்கு என்ன வேண்டும்?" என்று அவளைக் கேட்டதுண்டா? மரத்தடியில் மூப்பர் சபை கூடுகிறது. அங்கே பெண்ணுக்கு இடமில்லை. அவள் உடம்பைப் பற்றி முடிவு செய்பவர்கள் அந்த உடம்பின் நோவை ஒருநாளும் அறியாதவர்கள்.

பட்டணத்திலும் கதை அதுதான். எந்தச் சபையிலும் ஒரு பாலார் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இருக்கக்கூடாதென்று 2010-ம் வருஷத்து அரசியல் சட்டம் சொல்லிற்று. பார்லிமெண்டு அதை நிறைவேற்றாததால், அதைக் கலைத்துவிடும்படி 2020-ல் பிரதம நீதிபதியே யோசனை கூற நேர்ந்தது. சட்டம் செய்கிறவர்களே சட்டத்தை இப்படி நடத்தினால், பட்டி மூப்பரை மட்டும் குற்றம் சொல்லுவதில் நியாயமென்ன?

மேரு நாட்டுப் பாடம்

"அப்படியானால் மூப்பர்களைக் கொண்டே தடை செய்துவிட்டால் போகிறது" என்பீர்கள். அதுவும் பரீட்சித்துப் பார்த்தாய்விட்டது. கென்யாவில் மேரு என்னும் நாடு இருக்கிறது. அவர்கள் உழவர்கள், மேய்ப்பர்களல்ல. வெள்ளைக்காரர் ஆட்சியில், 1956-ம் வருஷத்தில், ஞூரி ஞெக்கே என்ற அவர்களுடைய மூப்பர் சபை, அறுக்கும் சடங்கு இனிக் கூடாதென்று கட்டளையிட்டது. நல்ல கட்டளைதான். ஆனால் நடந்ததென்ன? "நாங்களே அறுத்துக்கொள்ளுகிறோம்" என்று பெண் குழந்தைகள் கூட்டங் கூட்டமாகப் புதருக்குள் போய் ஒருவரையொருவர் சவரக் கத்தியால் அறுத்துக்கொண்டார்கள். மூன்று வருஷத்தில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்கள்மீது வழக்குப் போடப்பட்டது.

ஏன் இப்படியாயிற்று? அறுத்துக்கொண்டால்தான் மதிப்பு என்று பிறந்தது முதல் சொல்லிக் கொடுத்துவிட்டு, ஒருநாள் காலையில் கூடாதென்றால், "எங்கள் மதிப்பைப் பிடுங்குகிறார்கள்" என்றுதான் அக்குழந்தைகள் நினைத்தார்கள். கட்டளையிட்டவர்கள் அவர்களோடு பேசவில்லை, காரணம் சொல்லவில்லை, மதிப்புக்கு வேறு வழியும் காட்டவில்லை. அடிமையாக்கவும் கட்டளை, விடுதலைக்கும் கட்டளை என்றால், விடுதலையும் ஒரு விலங்காகத்தான் தோன்றும். நல்ல காரியமானாலும் அறிவின் மூலம் வரவேண்டும். மிரட்டலின் மூலம் வந்தால் நிலைக்காது.

இதற்கு மாறான உதாரணமும் அதே தேசத்தில் உண்டு. நைஸ் லெங்கேட்டே என்ற மாசாய்ப் பெண், சிறு வயதில் சடங்குக்கு முன் ஓடி ஒளிந்து தப்பினவர். வளர்ந்தபின் மூப்பர்களிடம் தானே சென்று பேசினார். முதலில் அவர் பேச்சைக் கேட்க அவர்களுக்கு மனமில்லை. அவர் விடவில்லை. முதலில் இளைஞர்களோடு பேசினார், பிறகு மூப்பர்களோடு. பெண்ணாகிறாள் என்பதைக் கொண்டாட வேண்டுமானால் கத்தியில்லாமல் கொண்டாடலாமே, மணி போடலாம், ஆசி கூறலாம், புத்தகம் கொடுக்கலாமே என்று வாதித்தார். பல பட்டிகளில் அது பலித்தது. மேருவில் கட்டளை தோற்ற இடத்தில், இங்கே பேச்சு ஜெயித்தது. சம்புருவிலும் ரெபெக்கா லோலோசோலி என்பவர் 1990-ல் கொடுமைக்குத் தப்பிய பெண்களைக் கொண்டே உமோஜா என்றொரு கிராமம் அமைத்தார். இவர்களை யாரும் நாற்காலியில் உட்கார வைக்கவில்லை. ஆனால் நாம் இவர்களைத்தான் தலைவர்கள் என்போம்.

2021 மார்ச்சு மாதத்தில், கென்யா ஜனாதிபதியின் முன்னிலையில், சம்புரு மூப்பர்கள் கிசிமா என்ற ஊரில் கூடி, அறுக்கும் சடங்கையும் குழந்தைக் கல்யாணத்தையும் விட்டுவிடுவதாகப் பிரகடனம் செய்தார்கள். வரவேற்கிறோம். ஆனால் மறு வருஷத்துக் கணக்குத்தான் நூற்றுக்கு ஐம்பது என்று நாம் முன்பு சொன்னது. பல வருஷத்து வினை ஒரு வருஷத்துக் கணக்கில் மறைந்துவிடாது என்பது உண்மையே. ஆனாலும் பிரகடனம் விதை மாத்திரம், அறுவடையல்ல. கையெழுத்துப் போட்ட மூப்பர் தன் வீட்டுப் பெண்ணை என்ன செய்தார் என்பதே கேள்வி.

தரம் என்றால் என்ன?

இனி வைத்தியசாலைக்கு வருவோம். உலக சுகாதார ஸ்தாபனத்தார் 2015-ம் வருஷத்தில், இளவயதினருக்கான வைத்திய உதவிக்கு எட்டு அளவுகோல்கள் வெளியிட்டார்கள். இளவயதினருக்குத் தம் உடம்பைப் பற்றிய அறிவு, ஊராரின் ஆதரவு, வேண்டிய உதவிகளெல்லாம் ஓரிடத்தில் கிடைப்பது, வைத்தியம் செய்பவர்களின் திறமை, இடத்தின் வசதியும் மறைவும், பேதம் பாராட்டாமை, கணக்கு வைத்துத் திருத்திக்கொள்வது, கடைசியாக, அந்த இளவயதினரையே நிர்வாகத்தில் கலந்துகொள்வது. நல்ல அளவுகோல்கள். ஆனால் ஒரு பட்டிப் பெண் இவற்றைப் படித்துக்கொண்டிருக்க மாட்டாள். அவளுக்கு நாலே கேள்விகள்தான்.

முதலாவது, அங்கே போக முடியுமா? பலாத்காரம் செய்யப்பட்ட பெண்ணுக்கு எச்.ஐ.வி. தொற்றாமலிருக்கக் கொடுக்கும் மருந்தை 72 மணிக்குள் ஆரம்பிக்க வேண்டும். கர்ப்பம் தரிக்காமலிருக்கும் மாத்திரை ஐந்து நாளைக்குள். அதுவும் சீக்கிரமே நல்லது. வைத்தியசாலை இரண்டு நாள் நடையிலிருந்தால் அந்தக் கணக்கு என்னவாகும்? அங்கே தூரமே நோய்.

இரண்டாவது, வாய் திறந்து பேச முடியுமா? நர்சு வெளியூர்க்காரியானால் பாஷை தெரியாது. உள்ளூர்க்காரியானால் மாமன் மகளாக இருப்பாள். "உனக்கென்ன இந்த வயதில் கர்ப்பத்தடை? தகப்பனைக் கூட்டிவா" என்று ஒரு தடவை அதட்டிவிட்டால், அந்தப் பெண் மட்டுமல்ல, அவளுடைய தோழிகள் பத்துப் பேரும் அந்த வாசலை மிதிக்கமாட்டார்கள்.

மூன்றாவது, கேட்டது கிடைக்குமா? மூன்று மாதத்துக்கொரு தடவை போடும் ஊசியென்றால், மூன்றாம் மாதம் மந்தை எந்த மலையில் இருக்குமோ! தோலுக்கடியில் வைக்கும் குச்சி மூன்று முதல் ஐந்து வருஷம் வரை பலனளிக்கும். இடம் மாறும் ஜனங்களுக்கு அது ஏற்றது. ஆனால் வேண்டாமென்றபோது எடுத்துவிடவும் ஆள் வேண்டும். வைக்கத் தெரிந்து எடுக்கத் தெரியாத இடம் வைத்தியசாலையல்ல, பொறி.

நான்காவது, ரகசியம் நிற்குமா? "இளவயதினர் அறை" என்று பெரிய எழுத்தில் பலகை மாட்டிவிடுகிறார்கள். ஊர் பார்க்க அந்தக் கதவுக்குள் நுழையும் பெண் யார்? பலகை மாட்டினவர் தரம் உயர்ந்துவிட்டதென்று மேலே அறிக்கை எழுதுகிறார். பெண்ணோ பலகையைப் பார்த்துத் திரும்பிப் போகிறாள்.

தோழர்களே! இந்த நாலு கேள்விகளுக்கும் மருந்து கட்டிடத்தில் இல்லை, தலைமையில் இருக்கிறது. பணத்தைக் கட்டிடத்துக்குச் செலவிடுவதா, மந்தையோடு போகும் நர்சுக்குச் செலவிடுவதா என்பது தலைவர் முடிவு. சம்புருவிலும் பக்கத்து லைக்கிப்பியாவிலும் ஒட்டகங்களின்மேல் மருந்துப் பெட்டியை ஏற்றிக்கொண்டு பட்டிதோறும் போயிருக்கிறார்கள். ஜனங்கள் வைத்தியத்தைத் தேடி வராவிட்டால், வைத்தியம் ஜனங்களைத் தேடிப் போகலாமல்லவா? 2023 செப்டம்பரில் கென்யா சர்க்கார் ஒரு லட்சம் கிராமச் சுகாதார ஊழியர்களைப் பெட்டியும் கருவியும் கொடுத்து அனுப்பினார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் அவர்களை மேற்பார்ப்பவர், "எத்தனை வீடு பார்த்தாய்?" என்று மட்டும் கேட்டால் வீட்டுக்கணக்குத்தான் வரும். "எத்தனை பெண்கள் பயமில்லாமல் உன்னோடு பேசினார்கள்?" என்று கேட்டால்தான் தரம் வரும்.

ஆண் பிள்ளைகளையும் மறக்கக்கூடாது. மொரான்களிடம் யாராவது உடம்பைப் பற்றியோ, நோயைப் பற்றியோ, பெண்ணின் சம்மதத்தைப் பற்றியோ உட்கார்ந்து பேசினார்களா? மணி வாங்கும் கையைத் திருத்தாமல், மணி சுமக்கும் கழுத்துக்கு மட்டும் உபதேசம் செய்து பிரயோஜனமில்லை.

முடிவுரை

ஆகவே, தோழர்களே, நாம் சொல்ல வந்ததைச் சுருக்கிச் சொல்லுகிறோம். மேய்ப்பர் நாட்டில் குறைவாயிருப்பது சட்டமல்ல, மருந்துமல்ல. அவளைக் கேட்டு நடக்கும் தலைமைதான் குறைவு. பெண்ணின் உடம்புக்கு அவளே எஜமானி என்று ஒப்புக்கொள்ளாதவன் மூப்பனானாலும், மந்திரியானாலும், டாக்டரேயானாலும், அவன் அவளுக்குத் தலைவனல்ல, காவற்காரன்தான். அவன் நடத்தும் வைத்தியசாலையும் அவளுக்கு இன்னொரு பட்டிதான்.

தலைவர்களின் யோக்கியதையை அளக்க அவர்கள் பேச்சு வேண்டாம், பிரகடனம் வேண்டாம், திறப்பு விழாக் கல்வெட்டும் வேண்டாம். பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி தனியாக வந்து, தலைநிமிர்ந்து கேட்டு, வேண்டியதைப் பெற்று, மறுநாளும் பழித்துப் பேச்சுக் கேளாமல் தன் ஆடுகளோடு போகிறாளா என்று பாருங்கள். போகிறாளானால் அங்கே தலைவர் இருக்கிறார். இல்லையானால் நாற்காலிதான் இருக்கிறது.

இந்த அளவுகோலைச் சம்புருவுக்கு மட்டும் வைத்துவிட்டுப் போய்விடாதீர்கள். வீட்டுக்குப் போனதும் உங்கள் ஊர் ஆஸ்பத்திரி வாசலிலும் இதை வைத்துப் பாருங்கள். உங்கள் வீட்டு வாசலிலும் வைத்துப் பாருங்கள். உங்கள் மகள் தன் உடம்பைப் பற்றி உங்களிடம் கூச்சமின்றி ஒரு கேள்வி கேட்கக்கூடிய நிலையில் இருக்கிறாளா என்று யோசியுங்கள். அதற்கு மேல் செய்ய வேண்டியது இன்னதென்று உங்கள் அறிவே சொல்லும்.